செல்லத்துரை முழுகிய ஞாயிறு

நான் சொன்னபடியே நடந்தது. இந்த மாரியைத் தாண்ட மாட்டான் என்று ஆவணியிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

இன்று விடிய அளவெட்டியில் இருந்து போன். என் சிநேகிதன் செல்லத்துரை போய்விட்டான்...

அவனைத் தெரியாத பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். வெள்ளைக்காரன் போவதற்குக் கொஞ்சம் முந்தி, நான் கிறிஸ்துவிடம் கொண்டுவந்த முதல் ஆள் அவன். முதலும் கடைசியும் என்று என் மனுசி சொல்லுவாள். அவளுக்குக் கணக்கு வராது.

அவன் புகையிலைத் தோட்டத்துக் கிணற்றில் ஏற்றத் துலா மிதிப்பான். நான் கீழே நின்று பைபிள் வாசிப்பேன். இந்தக் குரலுக்குப் பக்கத்துத் தோட்டத்து மாடும் மேய்வதை நிறுத்திவிடும்.

"டேய், வேதம் பிறகு. முதல் இறைக்கிற பட்டையைப் பிடிச்சுத் தண்ணியை ஊத்து," என்பான்.

ஆனால் காணாமல் போன ஆட்டை மேய்ப்பன் தேடிப் போகிற இடம் வந்தால் துலாவிலேயே நின்றுவிடுவான். "அப்ப மிச்ச ஆடுகளை ஆர் பாத்தது?"

"அதுக்கெல்லாம் பரலோகத்திலை சம்பளத்துக்கு ஆள் இருக்கு," என்றேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், வேறு என்ன சொல்ல...

எங்கள் சபையில் தண்ணீர் தெளிக்கிற ஞானஸ்நானம் இல்லை. கடலில் இறக்கி முழுக்காட்டுவோம். இதை செல்லத்துரையின் தாய்க்குப் போய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று போதகர் கேட்டார். நான்தான் போனேன். இந்த நாக்கு வேறு யாருக்கு இருந்தது.

தாய் முற்றத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, வாற ஞாயிறு உங்கடை மகன் முழுகப் போறான்."

சுளகைக் கீழே வைத்தார். "என்னைத் தலைமுழுகப் போறானோ?"

"இல்லை ஆச்சி, இது வேறை முழுக்கு..."

"எல்லா முழுக்கும் ஒண்டுதான் தம்பி. அவன் முழுக முந்தி நான் முழுகிறன்."

அந்த ஞாயிறு விடிய அவர் கீரிமலைக் கடற்கரைக்குப் போய், ஐயரை வைத்து, உயிரோடு இருந்த மகனுக்கு அந்தியேட்டி செய்தார். செத்தவர்களுக்குச் செய்கிற கிரியை அத்தனையும்.

நாங்கள் கொஞ்சம் தள்ளி... அதே கடலில். கரையில் ஆயிரம் சனம். பிரசங்கத்தைக்கூட என்னைத்தான் செய்யச் சொன்னார்கள், நான் போதகருக்கு விட்டுக்கொடுத்தேன்.

செல்லத்துரை தண்ணீருக்குள் போய் எழும்பினான். கண்ணைத் துடைக்க முந்தி என்னைத்தான் கேட்டான்.

"அம்மா வந்தவவோ?"

தாழம் பற்றைக்குப் பின்னால் நின்றார். கீரிமலையில் முழுகிய ஈரத் தலையோடு.

"ஓம், தாழைக்குப் பின்னாலை நிண்டவ, இப்பதான் திரும்பிப் போறா," என்றேன்.

அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு அவனிடம் நான் காணவில்லை.

தாய் அவனோடு பிறகு கதைக்கவே இல்லை. அவர் செத்தபோது கொள்ளி வைக்கப் போனான், ஒரே பிள்ளை. தாய்மாமன் வாசல் படலையில் மறித்தார்.

"நீ செத்து எத்தினை வருசம். செத்தவன் எப்பிடியடா கொள்ளி வைக்கிறது?"

அவன் என்னைப் பார்த்தான். தேசாதிபதிக்கே பதில் சொல்லக்கூடிய வாய் இது... அவன் கையைப் பிடித்துத் தெருப்பக்கம் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஒழுங்கையில் நின்றோம். பாடை எங்களைக் கடந்து போனது.

"அண்டைக்கு வந்தவதானே?" என்றான்.

"ஓம்."

போன கிழமை ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வி. "தாழைக்கு எந்தப் பக்கம் நிண்டவ?"

"வலப்பக்கம்," என்றேன். எப்போது கேட்டாலும் வலப்பக்கம்தான் சொல்லுவேன்.

போய் வா துரை. தாயைக் கண்டால் அதை மட்டும் கேட்காதே.

தாழம் பற்றை இருந்தது உண்மை... அதற்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை.