எர்ணாவூரில் கேட்ட வரி பாக்கி

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கடன் கட்டாததால் வங்கி கைப்பற்றிய ஒரு வீட்டைத் திருவொற்றியூரில் ஏலத்தில் எடுத்தேன். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. அந்த அவசரத்தில் ஏல நிபந்தனைகளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். பத்திரம் கைக்கு வந்த கையோடு, பழைய சொத்துவரி, குடிநீர் வரி பாக்கிக்கு நோட்டீஸும் வந்தது.

வீட்டின் பழைய சொந்தக்காரர் எர்ணாவூரில் குடியிருப்பதாகச் சொன்னார்கள். பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். கதவு திறந்தே இருந்தது.

"வீட்ட ஏலத்துல வுட்டுட்டு, வரிய என் தலையில கட்டிட்டீங்களா?" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

உள்ளே, அவர் மகளைப் பெண் பார்க்கக் காசிமேட்டிலிருந்து வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அத்தை அவரைப் பார்த்தார். "இன்னா நைனா, சொந்த வூட்ட வாடகைக்கு வுட்டுகீறேன்னு சொன்னியே?"

அவர் தலை குனிந்தார். வந்தவர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அந்தப் பெண்தான் என்னிடம் வந்தாள்.

"வூட்டயே எடுத்துகினீங்க. வரிய மட்டும் எங்களுக்குன்னு வுட்டு வெச்சீங்களாண்ணா?"

திரும்பி வந்துதான் நிபந்தனைகளைப் படித்தேன். எல்லா பாக்கியும் வாங்குபவர் பொறுப்பு என்று தெளிவாகவே போட்டிருந்தது. கட்டிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க மட்டும் இன்னும் போகவில்லை. போனால், அந்தச் சம்பந்தம் என்ன ஆயிற்று என்று தெரிந்துவிடும்.