மூன்று வெடிக்கு ஒரு பதில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நம்பாதவர்கள் ஒரு நவம்பர் சாயங்காலம் அந்தச் சதுப்புப் பக்கம் போய் நின்று பாருங்கள். வழி சொல்கிறேன். கூட வரமாட்டேன். நடந்தது என் அக்காள் புருஷன் வெர்னன் சாரிக்கு. அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொல்ல வேண்டுமானால் நாலு வார்த்தை கூடுதலாகப் பேச வேண்டும், அதுவே அவனால் முடியாது. மறுநாள் காலை பனியில் கிடந்ததை நானே இந்தக் கண்ணால் பார்த்தேன்.

மிச்சிகனின் வடகோடியில் எங்கள் ஊர். நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குக்கூட விடுமுறை. வெர்னன், அவன் அண்ணன் லாய்டு, கஸ் பெல்டோ என்கிற கிழவர், மூன்று பேரும் பல வருஷமாக ஒரே கேம்புக்குப் போகிறவர்கள். கேம்ப் என்றால் மாளிகை இல்லை. ஓர் அறை, ஒரு விறகு அடுப்பு, மூன்று கட்டில், வாசலில் தொங்கும் ஒரு கேஸ் விளக்கு. அவ்வளவுதான்.

வேட்டைக்கு முந்தின நாள் அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, வேட்டையில் உனக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி, அதே பதில்கள், அதே கிண்டல்.

"எனக்கு இந்த அடுப்பும் சீட்டும்தான்" என்றார் கஸ், இறைச்சி அடைத்த பாஸ்டியை மென்றுகொண்டே. "மான் விழுந்தா சந்தோஷம். விழலன்னா ரொம்ப சந்தோஷம். விழுந்தா எவன் இழுக்கிறது?"

"எனக்கு விடியறதுக்கு முன்னாடி மரத்து மேல பரண்ல உக்காந்திருக்கிற அரை மணி நேரம்" என்றான் லாய்டு. "குருவி வந்து துப்பாக்கி மேல உக்காரும். ஒருத்தனும் என்னைக் கூப்பிட மாட்டான்."

"ஆறே ஆறு தோட்டாவோட போறவனைக் கூப்பிட்டுத்தான் என்ன ஆகப்போகுது?"

"ஆறுல விழாத மான் அறுபதுலயும் விழாது, பெரிசு."

உண்மைதான். லாய்டு ஆறு தோட்டாவுக்கு மேல் எடுத்துக்கொண்டு போனதே கிடையாது. அவன் அப்பா அப்படிப் பழக்கியிருந்தார். துப்பாக்கியும் அப்பாவுடையதுதான். முப்பது-முப்பது என்று சொல்கிற பழைய ரகம்.

வெர்னன் கடைசியாகத்தான் வாயைத் திறந்தான். "எனக்கு லாய்டோட வெடிச்சத்தம். தூரத்துல அது கேட்டதும் கயித்த எடுத்துட்டு நடப்பேன். ரெண்டு பேருமாச் சேந்து மான இழுத்துட்டு வருவோம். அதுதான் எனக்கு வேட்டை."

"உனக்கு மான் எதுக்குடா, அண்ணன் போதும்" என்று கஸ் சிரித்தார்.

சிரித்தாலும் அது அவருக்கும் புரியும். எங்கள் ஊர் வேட்டைக்காரர்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் தெரியும். சத்தத்தை வைத்தே யார் சுட்டது என்று சொல்வார்கள். லாய்டின் துப்பாக்கி இருமுவது போலக் கட்டையாகக் கேட்கும். அந்தக் காட்டில் அப்படிச் சத்தம் போடுகிற துப்பாக்கி வேறு எவனிடமும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காட்டில் வழி தப்பினவன், அடிபட்டவன், மூன்று முறை சுடுவான். கேட்டவன் ஒரு முறை சுட்டுப் பதில் கொடுத்துவிட்டு, சத்தம் வந்த திசையில் நடக்க வேண்டும். இதில் பேச்சே கிடையாது. பகையாளி ஆனாலும் போகத்தான் வேண்டும்.

மறுநாள் பகலெல்லாம் லேசாகப் பனி பெய்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு வெர்னனும் கஸும் வெறுங்கையோடு கேம்புக்குத் திரும்பினார்கள். லாய்டு வரவில்லை. அவன் பரண் கேம்புக்கு மேற்கே, கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம். வாசல் விளக்கை ஏற்றினால் பரணிலிருந்து தெரியும். எப்போதும் முதலில் வந்து அடுப்பைப் பற்றவைக்கிறவன் அவன்தான். அன்றைக்கு அடுப்பு ஜில்லென்று கிடந்தது.

ஐந்து ஐம்பது.

டப்... டப்... டப்...

சத்தம் வடக்கே, சதுப்பிலிருந்து வந்தது.

"லாய்டு" என்றான் வெர்னன்.

"அவனேதான்" என்றார் கஸ். "அடிபட்ட மான் பின்னாடி சதுப்புக்குள்ள போயிட்டான் போல. முட்டாப் பய."

வெர்னன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தான். வாசல் விளக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். கஸ் டிரக்கைச் சதுப்பின் ஓரம்வரை ஓட்டினார். முட்டி வலி, அவரால் அதற்குள் நடக்க முடியாது. வண்டி விளக்கைச் சதுப்பைப் பார்த்துத் திருப்பிவைத்தார். வெர்னன் மட்டும் உள்ளே இறங்கினான். பரணை எட்டிப் பார்க்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. எதற்குத் தோன்ற வேண்டும்? சத்தம்தான் சொல்லிவிட்டதே.

ஊசியிலை மரங்கள் நெருக்கமாக நிற்கிற இடம் அது. கீழே கறுப்புத் தண்ணீர், மேலே மெல்லிய ஐஸ். கால் வைத்தால் கறக் கறக் என்று உடையும்.

ஆறு பத்து. மறுபடியும் மூன்று வெடி. கொஞ்சம் தள்ளி, வலது கைப் பக்கம்.

"வரேன்டா! அங்கயே நில்லு!"

பதில் குரல் இல்லை. வெர்னன் ஒரு வெடி வைத்துவிட்டு நடந்தான். அண்ணன் நனைந்திருப்பான், குளிர் எலும்பில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அந்த ஒரு நினைப்புதான் அவனுக்கு.

ஆறரை. மூன்று வெடி. இப்போது இடது பக்கம். ஏன் நகர்கிறான்? வழி தப்பினவன் நகரக் கூடாது. லாய்டுக்கு அது தெரியாதா? எரிச்சலோடு பதில் வெடி வைத்தான். வைத்த பிறகுதான் மனசுக்குள் கணக்கு ஓடியது.

மூன்று, ஆறு, ஒன்பது.

லாய்டிடம் இருப்பது ஆறு.

வெர்னன் நின்றான். இன்றைக்குக் கூடுதலாக எடுத்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது?

ஆறு ஐம்பது.

டப்... டப்... டப்...

மிக அருகில். ஆனால் நெருப்பு தெரியவில்லை. இருட்டில் துப்பாக்கி சுட்டால் வாயில் ஒரு வெளிச்சம் தெரிய வேண்டும்.

தெரியவில்லை.

எதிரொலியும் இல்லை. அவன் பதிலுக்குச் சுட்டான். அந்தச் சத்தத்தில் கிளையிலிருந்த பனி அவன் தலைமேல் கொட்டியது. மற்ற மூன்று வெடிக்கும் ஒரு துளிப் பனிகூட உதிரவில்லை.

"லாய்டு..."

விளக்கை உயர்த்திப் பார்த்தான். பனியில் அவன் காலடி மட்டும்தான்.

முன்னால் ஒரு மரம். அதற்குப் பின்னாலிருந்து...

டப்.

கை நீட்டினால் தொடலாம்.

டப்.

வெடிமருந்து வாசனை இல்லை.

டப்.

வெர்னனின் விரல் தானாகவே அழுத்தியது. அவன் துப்பாக்கி வெடித்தது. மரத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தான்.

யாரும் இல்லை. பனி வழவழவென்று கிடந்தது.

ஓடினான்.

கஸ் வண்டியில் ஊருக்குப் போய் ஆட்களைக் கூட்டிவந்தார். ஷெரிப் வந்தார். இருபது பேர் விடியும்வரை சதுப்பைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். எல்லோரும் சதுப்பில்தான். வெர்னனும் கஸும் அடித்துச் சொன்னார்களே, லாய்டின் துப்பாக்கிதான் என்று. எவன் சந்தேகப்படுவான்?

காலை வெளிச்சத்தில்தான் ஷெரிப்பின் ஆள் ஒருவன் பரணைப் பார்க்கப் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

பரணிலிருந்து இறங்கும்போது தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை முதலில் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். லாய்டு அதைத்தான் செய்திருக்கிறான். பாதி இறக்கும்போது வழுக்கி விழுந்திருக்கிறான். துப்பாக்கி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து நிற்க முடியாதவனுக்கு அது எட்டாது. குழாயில் காலையில் பூசிய எண்ணெய் அப்படியே இருந்தது. அன்றைக்கு அது ஒரு தடவைகூட வெடிக்கவில்லை.

மரத்தடியிலிருந்து ஒரு தடம் போனது. இடுப்பு உடைந்த மனிதன் கைகளால் தன்னை இழுத்துக்கொண்டு போன தடம். முதலில் கேம்பைப் பார்த்து நேராகப் போயிருந்தது. பாதி வழி வந்துவிட்டான். வெர்னன் கழற்றிக்கொண்டு போகும்வரை அங்கிருந்து வாசல் விளக்கு தெரிந்திருக்கும்.

அந்த இடத்தில் தடம் வடக்கே திரும்பியது.

சதுப்பிலிருந்து வெர்னன் வைத்த பதில் வெடிகள் நான்கு. தடம் திரும்பியதும் நான்கு இடத்தில். தம்பி சுடுகிற சத்தம் அண்ணனுக்குத் தெரியாதா? சதுப்பின் மேற்கு ஓரத்தில், ராத்திரி யாரும் தேடாத பக்கம், குப்புறக் கிடந்தான் லாய்டு. ஆறு தோட்டாவும் சட்டைப் பையில் இருந்தன. விலா உடைந்து நுரையீரலில் குத்தியிருக்கிறது, கத்த முடிந்திருக்காது, ஆனால் எட்டு மணிவரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை ஏன் சொன்னார் அந்த மனுஷன்? வெர்னன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

அடுத்த வருஷம் வெர்னன் வேட்டைக்குப் போகமாட்டான் என்றுதான் நினைத்தோம். போனான். வீட்டில் இருந்தால் மட்டும் என்ன செய்வது என்றான். கேம்பில் அவனும் கஸும் மட்டும். அந்தக் கேள்வியை இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. பதினேழாம் தேதி சாயங்காலம், விளக்கு வைத்துச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

டப்... டப்... டப்...

சதுப்பிலிருந்து. அதே இருமல் சத்தம்.

லாய்டின் துப்பாக்கி அப்போது எங்கே இருந்தது தெரியுமா? வெர்னனின் வீட்டில், பூட்டின அலமாரியில். சாவி என் அக்காவிடம்.

கஸ் பாதி எழுந்தார். "வெர்னா..."

"உக்காரு, பெரிசு."

"மூணு வெடிடா."

"அது அவன் இல்ல. சீட்டப் போடு."

கஸ் உட்கார்ந்தார். மறுபடி மூன்று. மறுபடி மூன்று. எட்டு மணிக்குமேல் நின்றுவிட்டது. இரண்டு பேரும் விடியும்வரை படுக்கவில்லை.

ஏப்ரலில் பனி கரைந்தது. பொறி வைக்கப் போன ஒருவன் சதுப்புக்குள் ஒரு பிணத்தைப் பார்த்தான். தெற்கேயிருந்து தனியாக வேட்டைக்கு வந்தவன். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை. கால் முறிந்து, ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் வெற்றுத் தோட்டாக்கள், மூன்று மூன்றாக. ஆனால் அவன் துப்பாக்கி புது ரகம், பெரிய ரகம். அது வெடித்தால் காடே பிளக்கும். அந்தச் சத்தத்தையும் முப்பது-முப்பதின் சத்தத்தையும் சின்னக் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது. வெர்னனும் கஸும் கேட்டது லாய்டின் துப்பாக்கியைத்தான். இரண்டு பேரும் பைபிளில் கை வைத்துச் சொல்கிறார்கள்.

உடலை வாங்கிப்போக அந்த ஆளின் தம்பி வந்தான். பக்கத்திலிருக்கிற கேம்ப் வெர்னனுடையது என்று யாரோ சொல்ல, அவன் வீட்டைத் தேடிவந்து வாசலிலேயே நின்றான். நான் உள்ளே இருந்தேன்.

"உங்க கேம்ப் பக்கத்துலதானே இருந்திருக்கான்" என்றான். "நீங்க ஒண்ணும் கேக்கலயா?"

வெர்னன் எழுந்து வாசலுக்கு வந்தான்.

"கேட்டுச்சு" என்றான். "என் அண்ணன்னு நெனச்சேன்."