மூன்று ஸ்வெட்டரும் ஒரு வீடியோ காலும்

பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை. இன்று ஃபேக்டரியில் இலையே எடுக்கவில்லை. இலை பறிக்கும் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் லீவு. பக்கத்து வீட்டுத் திவ்யாவின் பத்து நாள் குழந்தைக்கு ஆலோசனை சொல்லக் கூடிவிட்டோம்.

மார்பில் வாய் வைத்ததுமே தூங்கிவிடுகிறான். எடை ஏறவில்லை. திவ்யா அழுகிறாள். அவள் கணவன் பால்பவுடர் வாங்கக் கிளம்பினான்.

"கொஞ்சம் பொறுங்க" என்று திவ்யா அவனை நிறுத்திவிட்டு, கோவையில் இருக்கும் தாய்ப்பால் ஆலோசகருக்கு வீடியோ கால் போட்டாள்.

அந்த அம்மா உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, இதுக்குள்ள கொழந்தை எங்கீங்க?"

மூன்று ஸ்வெட்டர், குல்லா, கையுறை. இரண்டு ஸ்வெட்டர் நான் பின்னியது.

"சூட்டுல சொக்கித் தூங்கறானுங்க. எல்லாத்தையும் கழட்டி உங்க நெஞ்சோட ஒட்டி வைங்க. மேல கம்பளி போத்திக்கலாம்."

"குன்னூர்க் குளிருங்க! சளி புடிச்சுக்கும்!" என்றேன் நான்.

"பின்னாடி பேசற அக்கா கொஞ்சம் வெளிய இருங்க."

வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து திவ்யாவின் சிரிப்பு. கணவன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அக்கா, மடக் மடக்குனு குடிக்கறானுங்க!"

நான் வெளியேறியதும்தான் குழந்தை குடித்தான் என்று தெருவே பேசுகிறது. உங்கள் வீட்டில் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது யாரை வெளியே அனுப்பினீர்கள்? பெயர் வேண்டாம், உறவுமுறை போதும்.