செங்குருகு வரும்வரை

ஜெயம்மாவின் ரவிக்கைக்குள் ஒரு கடிதம் இருந்தது. வியர்வை படக்கூடாதென்று பாண் ரொட்டி சுற்றி வந்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்திருந்தாள். அவள் மகன் சதீஸ் இந்தத் தோட்டத்துப் பிள்ளைதான் என்று கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்தது. தோட்டத்தை நடத்தும் துரையின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அது 2008ஆம் வருஷம், யுத்த காலம். அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பையன் டவுனில் நின்றாலே சந்தேகம். சாமான் வாங்கப் போன மகனைச் சனிக்கிழமை பொலிஸ் பிடித்துக்கொண்டது. ஞாயிறு பத்து மணிக்குள் துரையின் கடிதம் வந்தால் விடுவோம், இல்லாவிட்டால் கொழும்புக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள்.

விடிந்ததும் விடியாததுமாகப் பங்களா வாசலில் போய் நின்றாள். அவளைக் கண்டதும் துரைக்கு முகம் மலர்ந்தது. மகனுக்காக அல்ல. தோட்டத்துக்குக் கீழே கிடந்த சதுப்புக்கு வேலி அடைத்து, பறவைப் பூங்கா என்று பலகையும் நட்டு, கொழும்பிலிருந்து விருந்தாளிகளை வரவழைத்திருந்தார் மகராசன். அவர்களுக்குச் செங்குருகு பார்க்க வேண்டுமாம். பதினெட்டு வருஷமாக அந்தச் சதுப்போரம் ரப்பர் பால் வாளி சுமந்து நடந்தவளுக்குத்தான் அது எந்தப் புல்லுக்குள் ஒளியும் என்று தெரியும்.

"நீ மொதல்ல குருவி காட்டு. பொறகு கையெழுத்து," என்றார்.

"சரிங்க தொரை. பத்து மணிக்குள்ள..."

"பேச வேணாம். பறந்து போகும்."

ஏழு மணிக்குக் கோரைப் புல்லோரம் உட்கார்ந்தார்கள். துரையே திரும்பிப் பேசாமல் அவரிடம் வாய் திறக்கக் கூடாது என்பது தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்தவர்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டிய பாடம். பாழாய்ப்போன பாடம். முன்னால் இருந்த விருந்தாளி அம்மாளின் கைக்கடிகாரத்தையே ஜெயம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு. எட்டரை. ஒருதரம் தொண்டையைச் செருமினாள். அந்த அம்மாள் திரும்பி உதட்டில் விரலை வைத்தார்.

ஒன்பது மணிக்குக் குருகு வந்தது. ஜெயம்மா ஒரு கையால் அதைக் காட்டினாள், மறு கையால் கடிதத்தை எடுத்து நீட்டினாள். துரை பைனாகுலரை இறக்கவில்லை. அது மீன் பிடித்ததை, விழுங்கியதை, இறகு கோதியதை எல்லாம் ஆற அமரப் பார்த்து முடித்து, ஜீப்பின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டபோது பத்தே கால்.

ஓட்டமும் நடையுமாக அவள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தாள். பொலிஸ்காரன் கடிதத்தை முழுக்க வாசித்தான். குறை எதுவும் இல்லை என்றான். சதீஸை ஏற்றிய வண்டி போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. கொழும்பில் இது செல்லாது, அங்குள்ளவர்கள் பெயருக்குப் புதிதாக ஒன்று வேண்டும், அதிலும் துரை கையெழுத்துப் போட வேண்டும் என்றான்.

அடுத்த ஞாயிறு வேறு விருந்தாளிகள் வந்தார்கள். ஜெயம்மா அதே கோரைப் புல்லோரம் குந்தியிருந்தாள், ரவிக்கைக்குள் புதுக் கடிதத்தோடு. பின்னாலிருந்த சின்னப் பெண் தாயிடம் ஏதோ கேட்க வாயெடுத்தாள். ஜெயம்மா பதறித் திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள்.