அம்மா பெயரில் போட்ட சீட்டு

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் அப்பாதான் எங்களை அங்கே கூட்டிப்போனார். அவர் இறந்ததும் அம்மா பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கே திரும்பி, குத்தகை நிலத்தில் மறுபடி நட்டாள். ஊரை விட்டுப் போனவர்களுக்கு என்ன குத்தகை என்று நிலத்துக்காரர் எங்களை வெளியேற்றப் பார்த்தார். அப்பா பெயரில் இருந்த குத்தகைப் பதிவை வாரிசான என் பெயருக்கு மாற்றக் கேட்டுத் தாசில்தாரிடம் மனு கொடுத்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. சோற்றில் கை வைத்தால் அழுகை வந்தது. கம்பெனிப் பக்கத்து டாக்டர், மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதித் தந்தார். கிழித்துப் போட்டேன். எங்கள் அறையில் ஆறு பேர், எல்லோரும் எங்கள் பக்கத்துப் பையன்கள். அதில் ஒருவன் மந்திரிக்கப் போய்வந்தான் என்று அவனை 'வேப்பிலை' என்றே கூப்பிட்டோம். நான்தான் அதிகம் கூப்பிட்டேன்.

வேலைக்குப் போக முடியாமல் ஊருக்கு வந்தேன். அம்மா இரண்டு நாள் என்னைப் பார்த்தாள். மூன்றாம் நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள். சீட்டு போடும் வரிசையில் எங்களுக்குப் பின்னால் நிலத்துக்காரரின் காரியக்காரர் வந்து நின்றார். கன்னம் வீங்கியிருந்தது.

"என்ன தம்பி, திருப்பூர்லேருந்து எப்ப வந்த? உடம்புக்கு என்ன?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"பல்லுவலிங்க."

"அட, எனக்கும் அதேதான். வா வா, சேந்தே போவோம்."

அவரோடு போய் உட்கார்ந்தேன். உள்ளே ஒரு சொத்தைப் பல்லைக் காட்டினேன். அடைத்துவிடலாம் என்றார் பல் டாக்டர். காரியக்காரர் அடுத்த நாற்காலியில் இருந்தார். நம்ப வேண்டுமே என்று, "பிடுங்கிடுங்க" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பல்லப் புடுங்கக் குடுத்தியே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"பைத்தியம்னு அவங்க எதிர்மனுவுல எழுதிக் குடுத்துடுவாங்க. நெலம் போயிடும்."

"நீ போயிட்டா நெலத்த வச்சி நான் என்ன பண்றது?"

அடுத்த வாரம் எவ்வளவு கூப்பிட்டும் நான் போகவில்லை. அம்மா தனியாகப் போய் மாத்திரையோடு வந்தாள். ஆளைப் பார்க்காமல் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"எனக்குன்னு சொன்னேன். தூக்கம் வரல, சோத்தப் பாத்தா அழுகை வருது, செத்துடலாம் போல இருக்குன்னேன்."

கடைசியில் சொன்னதை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

மாத்திரையை வாங்கி விழுங்கினேன். அவளுக்காக எழுதியதை நான் விழுங்கலாமா என்றுகூட யோசிக்கவில்லை. நாலைந்து மாதம் அவள் மாதாமாதம் போய் என் நோயைத் தன் நோயாகச் சொல்லி வாங்கி வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கினேன். அம்மா மனநல டாக்டரிடம் போகிற செய்தி ஊருக்குத் தெரிந்தது. நடவு ஆட்கள் அவளைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது.

விசாரணை நாளன்று தாலுகா ஆபீஸ் வாசலில் காரியக்காரர் என்னிடம், "அம்மாவுக்குத்தான் புத்தி சரியில்லையாமே, பாவம். ஒன்னையும் அப்படித்தான் நெனச்சோம், நீ பாத்தா வயல்ல எறங்கி நிக்கிற" என்றார். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தாள்.

நான், "ஆமாங்க" என்றேன்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தாள். பதிவு என் பெயருக்கு வந்தது. அவள் இருந்த வரைக்கும் ஊர் அவளை அப்படியே நினைத்தது. அவள் போன பிறகும் நான் திருத்தவில்லை.