அமுங்காத பட்டை

பட்டறையில் அவரைப் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது; தங்கையின் கணவர் தன் ஃபோனில் மைத்துனரின் எண்ணை அந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருந்தார். மடக்குக் கத்தி செய்யும் பட்டறை அது. சட்டைப்பையில் அடங்கும் கத்திதான், ஆனால் பழம் நறுக்குகிறவர்களுக்கானது அல்ல. கப்பலில் கயிறு அறுப்பவர்கள், கம்பத்தில் ஏறி ஒயர் உரிப்பவர்கள், லாரியில் சரக்கு இறக்குபவர்கள் வாங்குவது. அவர்கள் கத்தியை அறுப்பதோடு விடமாட்டார்கள். நெம்புவார்கள், சுரண்டுவார்கள், ஆணி பிடுங்குவார்கள், சுத்தியல் கைக்கு எட்டாவிட்டால் அதன் முதுகாலேயே இரண்டு போடு போடுவார்கள்.

இப்படி அடிபடும் கத்தியில் எதைக் கேட்டாலும் இன்னொன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். அலகைத் தடிமனாக்கினால் நெம்பும்போது உடையாது. ஆனால் அட்டைப்பெட்டியை அறுப்பதற்குப் பதில் பிய்க்கும். எஃகைக் கடினமாக்கினால் கூர் நாள்பட நிற்கும். கல்லில் பட்டால் நுனி தெறித்துவிடும். பிடியைப் பருமனாக்கினால் கைக்கு இதம், பைக்குப் பாரம். பட்டறையில் நாளெல்லாம் இந்தப் பேரம்தான். பூட்டு நல்ல மனிதர். அலகு விஷயத்தில் விட்டுக்கொடுப்பார், பிடி விஷயத்தில் விட்டுக்கொடுப்பார். கத்தியின் பூட்டு என்று வந்துவிட்டால் மட்டும் இம்மியும் இறங்கமாட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு யாரோ செய்த கத்தி அவர் கையிலேயே மடங்கிவிட்டது. வலது ஆள்காட்டி விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. அன்றிலிருந்து, தான் செய்யும் கத்தி யார் விரல் மீதும் விழக்கூடாது என்பது அவருக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது.

அவர் செய்த பூட்டு எளிமையானது. பிடியின் முதுகில் ஓர் எஃகுப் பட்டை. கத்தியைத் திறந்தால் பட்டையின் மூக்கு, அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் போய் உட்காரும். மூடவேண்டுமானால் பட்டையின் வால் பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கவேண்டும். மூக்கு எழும்பும், அலகு மடங்கும். பட்டைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்போ, அவ்வளவுக்கு மூக்கு இடம் விட்டு நகராது. விறைப்பைக் கூட்டக் கூட்ட விரலுக்குக் கஷ்டம். இவர் கூட்டிக்கொண்டே போனார். செய்துமுடித்த கத்தியின் அலகை வைஸ் இடுக்கியில் கவ்வவைத்து, பிடியில் இரும்புக் கட்டிகளைத் தொங்கவிடுவார். முதுகை மரக்கட்டையில் ஓங்கி அடிப்பார். பட்டை அசையாது. வேறு எந்தப் பட்டறைக் கத்தியும் அவ்வளவு பாரம் தாங்கியதில்லை. முதலாளியம்மா அந்த எடையைப் பெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் அச்சடித்தார்.

பாலிஷ் போடுகிறவர் ஒருமுறை, மூடுவதற்குக் கை வலிக்கிறது என்று கடையில் சிலர் சொல்வதாகக் காதில் போட்டார். பூட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பட்டறையில் இருந்த எல்லோருமே பத்துப் பதினைந்து வருடமாக அரமும் சாணையும் பிடித்துக் காய்த்த கைக்காரர்கள். ஒவ்வொரு கத்தியையும் மூடிப் பார்த்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு அது சுகமாக மூடியது. உலகத்தில் வேறு மாதிரி விரல்களும் உண்டு என்பது அந்தக் கூரைக்குக் கீழே யாருக்கும் தோன்றவில்லை.

தங்கை சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் ஆனபோது, முதல் தொகுதியிலிருந்து ஒரு கத்தியை அவளுக்குக் கொடுத்தார். அன்று எல்லோரும் தங்கை வீட்டில் சாப்பிட்டார்கள். தங்கை கணவர் கத்தியைத் திறந்து, இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, இதை மூடுவதற்கு முன்னால் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டுக்கொள்ளவேண்டும் போலிருக்கிறதே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூட்டும் சிரித்தார்.

"கைல தெம்பு இல்லாதவங்களுக்குத் தனியா கத்தி இருக்கு மாப்ள. பென்சில் சீவுறது."

சிரிப்பு இன்னும் பலத்தது. தங்கையும் சிரித்தாள். கத்தியை வாங்கித் தட்டுக்குப் பக்கத்தில் திறந்தபடியே வைத்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் ஒரு பகல் நேரம், தங்கை கணவரிடமிருந்து ஃபோன் வந்தது. தங்கை தொடையில் கத்தி இறங்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நிறைய ரத்தம் போயிருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை. பூட்டு கையிலிருந்த அரத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். போகும் வழியெல்லாம் ஒரே கேள்விதான்: பட்டை நழுவிவிட்டதா? ஆஸ்பத்திரி வாசலில் தங்கை கணவர் விஷயத்தைச் சொன்னார். பட்டை நழுவவில்லை. அவள் கத்தியை மடக்காமல், நுனியில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டி, மேல்கோட்டுப் பையில் செருகி வைத்திருந்தாளாம். கீழே கிடந்த பெட்டியைத் தூக்கக் குனிந்திருக்கிறாள். கத்தி குழாயைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டது.

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரோடு கோபமும் சேர்ந்து வந்தது. வார்டில் இவருக்குத் தெரியாத நோயாளிகள் ஐந்தாறு பேர் படுத்திருந்தார்கள். கிடங்கில் கூட வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். எவரையும் அவர் பொருட்படுத்தவில்லை. கத்தி என்ன விளையாட்டுச் சாமானா, அலகு பல்லைக் காட்ட அப்படியே பையில் வைத்திருப்பாளா ஒருத்தி, சின்னப் பிள்ளைக்குக்கூட மடக்கத் தெரியுமே, என் பேரைக் கெடுப்பதற்கென்றே செய்தாயா என்று பொரிந்து தள்ளினார். தங்கை முகம் வெளுத்துப்போய், போர்வை விளிம்பைத் திருகிக்கொண்டு படுத்திருந்தாள்.

கூட வேலை செய்யும் பெண்களில் மூத்தவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். கழுவித் துடைத்த அதே கத்தி, இன்னும் திறந்தபடி.

"அண்ணே, கோவப்படாதீங்க. எங்களுக்கும் மூட வரல. அதான் இப்படியே எடுத்துட்டு வந்தோம்."

பூட்டு அதை நம்பாமல் சிரிக்கத்தான் பார்த்தார். தங்கை கையை நீட்டினாள். ஊசி குத்தாத கையால் கத்தியை வாங்கிப் பட்டையின் வாலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். விரல்நுனி வெளுத்தது. பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு முறை அமுக்கினாள். விரல் வழுக்கி அலகின் பக்கம் போக, அவர் பதறிப்போய்க் கத்தியைப் பிடுங்கினார். அவர் விரல் பட்டதும் அது வெண்ணெய்போல மூடிக்கொண்டது. அது மூடிய சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்றது? பென்சில் சீவுற கத்தின்னு அன்னைக்கே சொல்லிட்டியே. கிடங்குல எல்லார்கிட்டயும் எங்கண்ணன் செஞ்சதுன்னு சொல்லிட்டுத் திரியறேன். எனக்கே மூட வரலன்னா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் மரியாதைக்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தது இன்னும் மோசமாக இருந்தது. தங்கை கணவர் மெல்ல அவர் முழங்கையைப் பிடித்து, வாங்க மச்சான், டீ குடிக்கலாம் என்று வெளியே கூட்டிப்போனார். டீயை வாங்கிக் கையில் வைத்திருந்தாரே தவிர, குடித்ததாக அவருக்கு நினைவில்லை. பூட்டு நழுவியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. நழுவியிருந்தால் தவறு எஃகில் இருந்திருக்கும். அரத்தை எடுத்துச் சரிசெய்துவிடலாம். இது அப்படியல்ல. பூட்டு அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மூடவே முடியாத அளவுக்குச் சரியாக. ஒருத்தி பயந்து பயந்து, ரப்பர் குழாய் மாட்டி, அவர் மானத்தைத் தன் கோட்டுப் பையில் சுமந்து திரிந்திருக்கிறாள். அவளைத்தான் நாலு பேர் முன்னால் நாக்கில் நரம்பில்லாமல் திட்டியிருக்கிறார்.

திரும்பி வார்டுக்குப் போனார். மன்னித்துக்கொள் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. மருந்து வாங்கவேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் முதலாளியம்மாவிடம் போய், அடுத்த தொகுதியை நிறுத்தவேண்டும் என்றார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பூட்டு கழண்டுச்சா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன? மடக்காம வச்சுக்கிட்டா நாம என்ன செய்ய முடியும்?"

நேற்று வார்டில் அவர் கத்திய அதே பேச்சு. அடுத்தவர் வாயில் கேட்கும்போது காது கூசியது. நடந்ததை அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். தான் போட்ட சத்தத்தையும் மறைக்கவில்லை. பாலிஷ் போடுகிறவர் சாணையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளியம்மா, அட்டையில் போட்ட எடையைக் குறைக்கவேண்டி வருமா என்றார். வரும் என்றார் பூட்டு. விற்பனை படுத்துவிடும் என்றார் அந்த அம்மாள். இருக்கலாம் என்றார் இவர். கடைசியில், அடித்தால் நழுவாது என்றால் செய்துகொள் என்று அரைமனதாக விட்டுவிட்டார்.

சொல்வது சுலபம். ஸ்பிரிங்கை மெலிதாக்கினார், விரலுக்கு அமுங்கியது. ஆனால் பிடியை இறுக்கிப் பிடித்து நெம்பினால் உள்ளங்கைச் சதையும் பட்டையை அமுக்கியது. கத்தி கையிலேயே தளர்ந்தது. அதுதான் அவர் வாழ்நாளெல்லாம் பயந்த விஷயம். பட்டையின் வாலை நீட்டிப் பார்த்தார். அமுக்குவது லேசானது, ஆனால் வெகுதூரம் அமுக்கவேண்டியிருந்தது, விரல் குட்டையானவர்களுக்கு எட்டவில்லை. கடைசியாக, விரல் படும் இடத்தில் மட்டும் பட்டையில் ஒரு குழி அராவினார். கட்டைவிரல் நுனி குழிக்குள் இறங்கும். உள்ளங்கை மேலோடு நின்றுவிடும். ஸ்பிரிங்கை இரண்டு படி இறக்கினார். கட்டையில் அடித்தார், நின்றது. எடை தொங்கவிட்டார், பழைய அளவில் முக்கால்வாசிகூடத் தாங்கவில்லை. இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும்போது யாரோ தன் சட்டையைக் கழற்றுவதுபோல இருந்தது அவருக்கு.

தையல் பிரித்த பிறகு, தங்கை தாங்கித் தாங்கி நடந்து பட்டறைக்கு வந்தாள். அவர்தான் வரச்சொல்லியிருந்தார். கிடங்கில் போடும் தடித்த கையுறையையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார். மேசை ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். பட்டறை முழுக்க வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. அவர் யாரையும் விரட்டவில்லை.

அவள் கையுறையோடு அமுக்கினாள். "வரல."

குழியை ஆழமாக்கிக் கொடுத்தார்.

"வருது. ஆனா வழுக்குது."

குழியின் ஓரத்தில் அரத்தால் சொரசொரப்பு வைத்தார். பாலிஷ் போடுகிறவர், கொடும்மா நான் மூடிக் காட்டுகிறேன் என்று கையை நீட்டினார். உன் கையால் மூடித்தானய்யா இவ்வளவும் வந்தது என்று பூட்டு சொன்னதும் கையை இழுத்துக்கொண்டார். அடுத்தமுறை அவள் அமுக்கியபோது பட்டை இறங்கியது. அலகு மடங்கிப் பிடிக்குள் போய்ப் படுத்தது. முதலாளியம்மா, சரி, அட்டையை மாற்றி அடிக்கச் சொல்கிறேன் என்றபடி உள்ளே போனார்.

தங்கை மூடிய கத்தியை மேசையில் வைத்தாள். எடுத்துக்கொள்ளவில்லை.

"என்னம்மா?"

அவள் தயங்கினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "சொன்னா சிரிக்கக்கூடாது."

"சிரிக்கல."

"மூடுறதுக்குத்தான் வழி பண்ணியிருக்கே. திறக்கிறதுக்கு? நகம் வைக்கிற பள்ளம் இத்துணூண்டு. கையுறையோட வரவே வராது. ஒரு கையில மூட்டையைப் புடிச்சிருப்பேன், பல்லால கடிச்சுத்தான் திறப்பேன். அதுக்குப் பயந்துதான், வீட்டுல அவரு மூடித் தரேன்னாலும் பாதி நாள் மூடாமலே வச்சிருந்தது."

பூட்டுக்குக் காது மடல் வரை சூடேறியது. பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மேசைக்குத் திரும்பினார்கள். அவர் முகத்தை நேராகப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை. அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வேற என்னல்லாம் இருக்கு? ஒண்ணுவிடாம சொல்லு."

அவள் அடிபட்ட காலை மெல்ல நீட்டி வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். சீக்கிரம் முடியும்போலத் தெரியவில்லை. அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.