காப்புக் கட்டிய கையும் உப்பில்லாத சோறும்

என் கணவருக்கு நோய் வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் வீடு. என் கணவர் தனசேகர் பஞ்சாலையில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன். எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் திடீரென்று பேச ஆரம்பித்தார். தெருவில் போகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேசினார். சுவர் முழுக்க நீலம் அடித்தார். தூக்கம் இல்லை, பசி இல்லை. மில்லில் சங்கு ஊதுவதற்கு முன்பே வாசலில் போய் நின்றுகொண்டு, வேலைக்கு வருகிறவர்களுக்குத் தறி ஓட்டுவது எப்படி என்று பாடம் எடுத்தார்.

"எம் புள்ளைக்கு இப்பதான் வாய் தொறந்திருக்கு. நீ ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கற?" என்று அத்தை, அதாவது என் மாமியார், என்னைத்தான் ஏசினார்.

மேஸ்திரியை அடிக்கக் கை ஓங்கிய அன்று மில் ஆட்கள் துண்டால் கையைக் கட்டி அழைத்து வந்தார்கள். அன்றைக்கே கோரிமேட்டுப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேனியா (மனம் கட்டுக்கு அடங்காமல் பொங்கி எழும் நோய்) என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பேச்சு அடங்கியது. ஆனால் கால் அடங்கவில்லை.

அவரைச் சேர்த்த வார்டின் நடைவழியில் நாங்கள் இருவரும் நடந்த நடையை என்னால் மறக்க முடியாது. உட்காருவார், உடனே எழுந்துவிடுவார். படுக்க வைத்தால் கால் இரண்டும் போர்வைக்குள் சைக்கிள் மிதிக்கும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பார், பின்னாலேயே நான். "உள்ள எறும்பு ஊருது வசந்தா. என்னால உக்கார முடியல" என்று அழுதார். நோய் முற்றிவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அத்தையோ இன்னொரு மாத்திரை சேர்த்துக் கொடுக்கச் சொல்லி அடம் பிடித்தார்.

அந்த வார்டு நர்ஸ் ரோசலி சிஸ்டர்தான் எங்களை நிறுத்தினார். நாங்கள் நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "மனசு நடக்கச் சொல்லுதா, கால் நடக்கச் சொல்லுதா?" என்று அவரைக் கேட்டார். "கால்தான் சிஸ்டர்" என்றார் இவர்.

"நோய் ஏறலம்மா. இது மருந்து படுத்துற பாடு. நான் டாக்டர்கிட்ட சொல்றேன். நீங்களா ஒண்ணும் கூடக் கொடுத்துடாதீங்க."

அதற்கு அகத்தீசியா (மருந்தின் பக்க விளைவாக வரும் தவிப்பு, ஓரிடத்தில் நிலைகொள்ள முடியாது) என்று பெயராம். டாக்டர் மருந்தைக் குறைத்து, வேறொரு சின்ன மாத்திரை சேர்த்தார். சில நாட்களில் அவர் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார். இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் நடந்துகொண்டே இருந்தால், நோய் என்று நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள். மருந்து செய்வதும் நோய் மாதிரியே தெரியும். எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது. பின்னால் அதுவே அவர் உயிருக்கு உதவியது.

வீட்டுக்கு அனுப்பும்போது லித்தியம் (மனம் பொங்காமலும் சரியாமலும் நிறுத்தி வைக்கும் ஓர் உப்பு வகை மருந்து) எழுதிக் கொடுத்தார்கள். கை லேசாக நடுங்கும், பயப்பட வேண்டாம் என்றார் ரோசலி சிஸ்டர். பிறகு அத்தையைப் பார்த்துத் தனியாகச் சொன்னார்.

"பத்தியம்னு சொல்லி உப்பைக் கொறைச்சிடாதீங்க. தண்ணி நல்லா குடிக்கணும். வாந்தி, பேதி, கை பெருசா ஒதறுறது, நடை தள்ளாடறது, இதுல எது வந்தாலும் அடுத்த மாத்திரை கொடுக்காம நேரா இங்க வந்துடுங்க."

அத்தை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அதற்கு முன் மருந்து சாப்பிடுகிறவனுக்கு ஆகாது என்று புளியைக் கூட நிறுத்தியிருந்தவர், மறுநாளே கருவாட்டுக் குழம்பு வைத்தார். பத்தியம் என்ற பேச்சே வீட்டில் இல்லை. இவர் மில்லுக்குத் திரும்பினார். காப்பி குடிக்கும்போது மட்டும் தம்ளர் தட்டில் பட்டுக் கிணுகிணுக்கும். அடுப்படியில் இருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டு, நலமாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

சித்திரையில் எங்கள் தெரு மாரியம்மனுக்குத் தீமிதி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவர் வருஷம் தவறாமல் மிதிக்கிறவர். அந்த வருஷம் கேட்கவே வேண்டாம். பிழைத்து வந்ததே அம்மன் புண்ணியம் என்று அத்தை சொல்ல, இவரும் தலையாட்டினார்.

"மாத்திரையும் சாப்புடறேன், அம்மாவுக்கும் செய்யறேன். டாக்டருக்கும் அம்மனுக்கும் கோவம் வராம பாத்துக்கறேன்" என்று என்னிடம் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

மஞ்சள் துணியில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. மில் எல்லைக்குள்ளேயே இருந்ததால் வேலைக்குப் போய் வந்தார். ஒரு வேளைச் சோறு, அதுவும் உப்பில்லாமல். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வாழைக்காயும் நான்தான் சமைத்துப் போட்டேன். நர்ஸ் சொன்னது என் நினைவில் நன்றாகவே இருந்தது. ஆனால் நர்ஸ் சொன்னது பத்தியம். இது விரதம். பத்தியம் மருந்துக்கு, விரதம் சாமிக்கு. இரண்டும் ஒரே வயிற்றுக்குள்தான் போகிறது என்று எங்கள் மூவரில் ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே. தோன்றவில்லை.

வெயில் வேறு கொளுத்தியது. தறிக்கூடத்தில் வேர்வை ஊற்றிவிட்டு வருவார். காப்புக் கட்டி ஒரு வாரம் ஆவதற்குள் காலையில் வாந்தி. வெறும் வயிறு என்றார் அத்தை. அடுத்து வயிற்றுப்போக்கு. சூடு என்றார். அன்று மத்தியானம் தம்ளர் கிணுகிணுக்கவில்லை. கீழே விழுந்தது. எட்டிப் பார்த்தேன். கை முழுதும், தோளில் இருந்து உதறிக்கொண்டிருந்தது.

நான் பக்கத்தில் போவதற்குள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். கால் ஒருபக்கம், உடம்பு ஒருபக்கம். ஏதோ சொன்னார், வாய் குழறியது. எதிர்வீட்டுச் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) வெளியே வந்து பார்த்தார். "ஒரு நாள் குடிச்சா குடிச்சிட்டுப் போறான், உடும்மா" என்றார். காப்புக் கட்டியவன் குடிப்பானா என்று அத்தை அவர்மேல் பாய்ந்தார்.

அதற்குள் யாரோ ஒரு பெண், "அம்மா வந்துட்டா" என்றாள். அவ்வளவுதான். தெருவே கூடிவிட்டது. கற்பூரத்தட்டு வந்தது, வேப்பிலை வந்தது. உதறுகிற கையைக் கண்டு கும்பிட்டார்கள். தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று ஒருத்தி கேட்டாள். அவர் வாயோரத்தில் எச்சில் வழிந்தது. கண் என்னைத் தேடியது. சாமி வந்தவர் கண் பெண்டாட்டியைத் தேடாது. வாந்தி, பேதி, உதறல், தள்ளாட்டம், ரோசலி சிஸ்டர் சொன்ன அத்தனையும் வந்திருந்தன; இதுவும் மருந்து படுத்துகிற பாடுதான் என்று எனக்குப் பட்டது.

"ரிக்‌ஷா கூப்புடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றேன்.

"காப்போட எல்லை தாண்டுவியாடி? அம்மா சும்மா உடுவாளா?" என்று அத்தை குறுக்கே நின்றார்.

"கோச்சுக்கிட்டான்னா திரும்பி வந்து நான் கால்ல விழுந்துக்கறேன் அத்தை. இவரு இங்கயே கெடந்து போயிட்டா யாரு கால்ல விழறது?"

 அத்தை வழி விடவில்லை. நான் அவர் பக்கமாக நுழைந்துதான் கணவரைத் தூக்கினேன். ரிக்‌ஷாக்காரர் ஒரு தோள், நான் ஒரு தோள். வண்டி நகர்ந்தபோது அத்தையும் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் அழுதார், என்னைத் திட்டினார், மகனின் எச்சிலைத் துடைத்தார்.

டாக்டர் பார்த்ததுமே லித்தியம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று சந்தேகப்பட்டு, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். "பத்தியம் ஏதாவது இருந்தாரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. பத்தியமே இல்ல" என்று நான் சத்தியம் செய்கிற மாதிரிச் சொன்னேன்.

ரோசலி சிஸ்டர் ஊசி ஏற்றக் கையைத் திருப்பினார். மஞ்சள் துணி தெரிந்தது. அவரும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்.

"காப்புக் கட்டியிருக்காரா? அப்ப உப்பு சேக்கறதில்லையே."

எனக்கு அப்போதுதான் தலையில் இடி விழுந்தது.  டாக்டர் எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "உப்பும் தண்ணியும் கொறைஞ்சா, சிறுநீரகம் இருக்கிற உப்பை வெளியில விடாம புடிச்சு வச்சுக்கும். அதோட இந்த மருந்தையும் சேத்துப் புடிச்சுக்கும். அதான் ஏறிப்போச்சு. மருந்தை நிறுத்தியாச்சு. இனி இது எறங்கணும். எறங்குமான்னு பாக்கலாம்."

 பிழைப்பாரா என்று அத்தைதான் கேட்டார். "பாக்கலாம்மா" என்றார் மறுபடி.

சிஸ்டர் காப்பை அறுக்கவில்லை. அறுத்திருந்தால் அத்தை அங்கேயே மயங்கி விழுந்திருப்பார். அந்தக் கையை விட்டுவிட்டு இடது கையில் சலைன் (உப்புநீர்) ஏற்றினார். "நான் இதைத் தொடல பாருங்க" என்று அத்தையிடம் காட்டினார். பிறகு வந்த நாட்களில் எத்தனை தரம் நாடி பார்த்தார், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று பார்த்தார், பேரைச் சொல்லிக் கூப்பிட்டு விரலைப் பிடிக்கச் சொன்னார் என்று கணக்கே இல்லை. நானும் நிலைகொள்ளாமல் அதே நடைவழியில் நடந்துகொண்டிருந்தேன். இந்த முறை தனியாக.

மயக்கம் தெளிந்து கஞ்சி கொடுக்கலாம் என்றதும் புதுச் சிக்கல் வந்தது. இவர் வாயைத் திறக்கவில்லை. உதட்டில் பட்ட கஞ்சி உப்புக் கரித்ததோ என்னவோ, காப்புக் கட்டிய கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் கெஞ்சினேன், மிரட்டினேன். சிஸ்டர் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். கஞ்சி கன்னத்தில் வழிந்தது.

அத்தை கட்டிலருகே வந்தார். மகனின் மணிக்கட்டைப் பிடித்து, காப்பு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். என் முன்னால் தன் கையை நீட்டினார்.

"கட்டுடி."

நான் கட்டினேன். 

"உன் வேண்டுதல் இனிமே என்னுது. பாவம் வந்தாலும் எனக்கு வரட்டும். உன் கையில இப்ப ஒண்ணும் இல்ல பாரு. வாயத் தொற ராசா."

அவர் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அத்தை அழுதுகொண்டே ஊட்டினார்.

அன்றே அத்தை வீடு திரும்பி, அதற்குமேல் எல்லை தாண்டாமல் உப்பில்லாத சோறு தின்று, தீமிதியன்று மகனுக்குப் பதிலாக நெருப்பில் இறங்கினார். நான் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன். மறுநாள் திருநீறோடு வந்து மகன் நெற்றியில் பூசிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நெருப்பக் கூடத் தாங்கிடலாம்டி. அந்த உப்பில்லாத சோத்தத்தான் தாங்க முடியல. எம் புள்ள எப்படித்தான் தின்னானோ" என்றார். நான் கல்யாணமாகி வந்த நாளாக அன்றுதான் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

அவர் பேச்சின் குழறல் தீர ஆடி வரை ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு சொல்லையும் அவர் தேடித் தேடி எடுத்தார். ரத்தத்தைப் பரிசோதித்துப் பரிசோதித்து, குறைந்த அளவில் மறுபடி லித்தியம் ஆரம்பித்தார்கள். விஷத்தையே திரும்பக் கொடுக்கிறார்களே என்று இவர் மறுத்தார். அந்த நீலச் சுவரைக் காட்டி, "மறுபடியும் இதுவா?" என்றேன். அதற்குப் பிறகு பேசாமல் வாங்கிக்கொண்டார். தறிக்கும் திரும்பினார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டாக்டர் உப்பைப் பற்றிக் கேட்டால் சமையலை மட்டும் சொல்லாதீர்கள். கோயிலையும் சொல்லுங்கள், விரதத்தையும் சொல்லுங்கள், மூலிகைக் கஷாயம் குடித்தால் அதையும் சொல்லுங்கள். நமக்கு அவை வேறு வேறாக இருக்கலாம். உடம்பு அப்படிப் பிரித்துப் பார்க்காது.

என் நாளும் மாறிப்போயிற்று. காலை மாத்திரைக்கும் இரவு மாத்திரைக்கும் நடுவில் இருப்பதுதான் எனக்குப் பகல். அவர் தண்ணீர் குடித்தாரா என்று பார்த்துப் பார்த்து, என் நாக்கும் சேர்ந்து வறள்கிறது. இன்னமும் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார வராது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அத்தையே மகனுக்காகத் தீ மிதித்தார்; சில வருஷம் கழித்து முட்டி ஒத்துழைக்கவில்லை. காப்பு என் கைக்கு வந்தது. எனக்குப் பக்தி எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அத்தை கையை நீட்டச் சொன்னார், நீட்டினேன்.

முதல் நாள் உப்பில்லாத சோற்றை ஒரு வாய் வைத்தேன். இறங்கவில்லை. எதிரில் சாம்பார்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உப்புக் கிண்ணத்தில் இருந்து ஒரு கல் எடுத்தார்.

"இன்னாத்துக்கு அது?"

"உன் பங்கு, நான் சாப்புடறேன். நீதான் சாப்புட மாட்டியே."

"கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். எப்பவும் போடற அளவுதான். கீழ வைங்க."

வைத்துவிட்டார். தண்ணீர் குடிக்கத் தம்ளரை எடுத்தார். அது தட்டில் பட்டு லேசாகக் கிணுகிணுத்தது. அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.